பன்னிரண்டு வால்வுகள்

போர்ஷே 911 காரின் இரண்டு தலைமுறைகளில் எது உயர்ந்தது என்ற வழக்கு எங்கள் குடும்பத்தில் பல வருடங்களாகத் தீர்ப்பில்லாமல் கிடக்கிறது. குடும்பம் என்றால் நானும் என் மனைவியின் தம்பியும். ஏனையோர் எங்களைப் பொறுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். மச்சான் 2000 ஆம் ஆண்டு ஷார்ஜாவுக்குப் போனவர். அங்கே கைத்தொழிற்பேட்டையைச் 'சனாயியா' என்பார்கள். அதில் பழைய ஜேர்மன் கார்களைத் திருத்தும் கராஜ் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தார். நான் ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். என்னிடமுள்ளது ஒரு மோட்டார் சைக்கிள். ஆகவே வழக்கில் அவர் பக்கம் அனுபவமும் என் பக்கம் வாசிப்பும் நிற்கின்றன. இலக்கியக்காரர்களுக்கு இந்த நிலைமை பழக்கமானதே.

வழக்குப் பொருள்களைச் சொல்லிவிடுகிறேன். 911 என்ற கார் 1963 இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்டது. அப்போது அதன் பெயர் 901. நடுவில் பூச்சியம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் தமக்கே உரியவை என்று பிரான்சின் பேஜோ கம்பனி ஆட்சேபித்ததால் பூச்சியம் ஒன்றாயிற்று. அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பெயர் மாறவில்லை. உள்ளே கார் மாறிக்கொண்டேயிருக்கிறது. அவ்வப்போதைய மாற்றங்களுக்குத் தொழிற்சாலை தன் கணக்குக்கு ஓர் எண் வைக்கும். 1988 இன் இறுதியில் வெளிவந்து 1994 வரை செய்யப்பட்டது 964. 1993 இல் அறிமுகமாகி 1998 வரை செய்யப்பட்டது 993. இரண்டும் தனித்தனியே 60,000 இற்கும் மேல் உற்பத்தியாயின. 993 உடன் ஒரு விடயம் முடிந்துபோனது: அதற்குப் பின் காற்றால் குளிரும் எஞ்சினோடு ஒரு புதிய 911 வரவில்லை.

காற்றால் குளிர்வது என்றால் என்ன? சூடான தேநீரைச் சாசரில் ஊற்றி ஊதிக் குடிக்கும் முதியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். சாசரில் பரப்பு அதிகம், ஊதுவது காற்று. இந்த எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்த நிலையில் இருக்கின்றன. ஒவ்வொன்றைச் சுற்றியும் மெல்லிய உலோகச் செட்டைகள். பின்புறத்து மூடியைத் திறந்தால் கண்ணுக்கு முதலில் படுவது பெரியதொரு விசிறி. அது இழுத்துத் தள்ளும் காற்று அந்தச் செட்டைகளுக்கிடையே ஓடிச் சூட்டை எடுத்துப் போகிறது. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. ஆனால், காற்று மட்டும் இந்த வேலையைச் செய்கிறது என்று நம்பிவிடக்கூடாது. பதினொரு லீற்றர் அளவிலான ஒயில் உள்ளே சுற்றி வருகிறது. அந்த ஒயிலைக் குளிரவைக்க முன் வலது மட்கார்டுக்குள் தனியாக ஒரு குளிர்விப்பான் இருக்கிறது. பாதி வேலை ஒயிலுடையது, பெயர் காற்றுக்கு. எத்தனையோ கூட்டுறவுச் சங்கங்களில் நடப்பதுதான்.

இந்த வம்சத்தின் மூத்தவரை நமது நாட்டில் பலருக்கும் தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு வாரம் ஒருமுறை வந்துபோன அப்போதிக்கரி ஒருவரிடம் வொக்ஸ்வாகன் பீட்டில் ஒன்று இருந்தது. ஆமைக் கார் என்போம். பாலத்துக்கு அப்பால் வரும்போதே சத்தம் கேட்கும். வேறெந்தக் காருக்கும் இல்லாத, தகரத்துக்குள் கல் உருண்டதுபோன்ற ஒரு சத்தம். அந்தப் பீட்டிலை வடிவமைத்தவர் பெர்டினான்ட் போர்ஷே. ஹிட்லரின் அரசு கேட்டுச் செய்வித்த 'மக்கள் கார்' அது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் மகன் பெரி போர்ஷே பீட்டிலின் பாகங்களை எடுத்து 1948 இல் 356 என்ற விளையாட்டுக் காரைச் செய்தார். பெரியின் மகன் வரைந்தது 911. பாட்டன், தகப்பன், பேரன். எஞ்சின் பின்னால், குளிர்விப்பது காற்று என்ற இரண்டும் மூன்று தலைமுறைக்கும் பொதுச் சொத்து. மூன்றாவதாக ஒரு சொத்தும் இருந்தது. சில்லுகளைத் தாங்கும் ஸ்பிரிங், வழமையான சுருள் ஸ்பிரிங் அல்ல. முறுக்கினால் திரும்பத் துடிக்கும் ஓர் உருக்குத் தண்டு. பாட்டனின் நிறுவனம் 1931 இல் காப்புரிமை கேட்டது அது. 1989 வரை 911 இன் அடியில் அந்தத் தண்டுகள் இருந்தன.

இடையில் இக்கார் செத்துப்போக இருந்தது. 1970களின் இறுதியில் கம்பனிக்குள் இருந்த எண்ணம், 911 இன் காலம் முடிந்தது, தண்ணீரால் குளிரும் எஞ்சினை முன்னால் வைத்த 928, 944 ஆகிய கார்களே எதிர்காலம் என்பது. 1981 இல் பீட்டர் ஷுட்ஸ் என்பவர் தலைவராக வந்தார். பேர்லினில் பிறந்து, யூதக் குடும்பம் என்பதால் சிறுவனாகவே ஹிட்லரின் நாட்டைவிட்டுத் தப்பி, அமெரிக்காவில் வளர்ந்தவர். தலைமைப் பொறியியலாளர் ஹெல்முத் பொட்டின் அறைச் சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. மற்றக் கார்களின் கோடுகள் வருங்காலத்துக்குள் நீண்டு செல்ல, 911 இன் கோடு மட்டும் 1981 உடன் நின்றது. ஷுட்ஸ் மார்க்கர் பேனையை எடுத்து அந்தக் கோட்டைத் தாளின் விளிம்பு தாண்டி, சுவரிலும் இழுத்துக்கொண்டு கதவுவரை போனாராம். அவரே பிற்காலத்தில் பலமுறை சொன்ன கதை இது. சற்றே மெருகேறியிருக்கலாம். ஆனால் கோடு நீண்டது உண்மை.

நீண்ட அந்தக் கோட்டின் மீதுதான் 964 வருகிறது. எனது கட்சிக்காரர் இவர்.

964 ஐத் தூரத்தில் நின்று பார்த்தால் 1970களின் 911 போலவே இருக்கும். நிமிர்ந்த வட்ட விளக்குகள், உயர்ந்த மட்கார்டுகள், இடையில் பள்ளமாக இறங்கும் பொனட். ஆனால் 85 வீதமான பாகங்கள் புதியவை என்று கம்பனி அறிவித்தது. முறுக்குத் தண்டுகள் போய்ச் சுருள் ஸ்பிரிங்குகள் வந்தன. ஏபிஎஸ் பிரேக், பவர் ஸ்டியரிங் வந்தன. 3.6 லீற்றர் எஞ்சின், 250 குதிரைவலு, சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். 80 கிலோமீற்றர் வேகத்தில் தானாக எழும்பி, வேகம் குறைந்தால் படுத்துவிடும் ஒரு பின்சிறகு. முதலில் வந்த வகை நான்கு சில்லுகளையும் இழுத்தது. இவ்வளவையும் பழைய முகத்தின் பின்னால் ஒளித்துவைத்தார்கள்.

கிடைத்த நன்றி என்ன? பழைமைவாதிகள், பாரம் கூடிவிட்டது, சொகுசாகிவிட்டது, பாட்டனின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டார்கள் என்று ஏசினார்கள். புதுமைவாதிகள், இன்னும் பழைய முகம்தானா என்று முகம் சுளித்தார்கள். குறைகளும் இருந்தன. ஆரம்பகால 964களில் சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் இடையே கேஸ்கட் வைக்கவில்லை. ஒயில் கசிந்தது. பிறகு திருத்தினார்கள். சத்தத்தைக் குறைக்கவும் காற்றோட்டத்தைச் சீராக்கவும் எஞ்சினுக்கு அடியில் ஒரு தட்டுப் போட்டார்கள். அது சூட்டையும் அடக்கிவைத்தது. மச்சானின் கராஜுக்கு வரும் 964 எதுவாயினும் முதல் வேலையாக அந்தத் தட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவார்களாம். வளைகுடாவின் ஓகஸ்ட் மாதத்தை ஜேர்மனியில் இருந்துகொண்டு கற்பனை செய்ய முடியாது.

993 இன் கதை வேறு. 1990களின் தொடக்கத்தில் கம்பனி வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. அமெரிக்க விற்பனை சரிந்துவிட்டது. வென்டெலின் வீடெகிங் என்ற புதிய தலைவர் ஜப்பானிலிருந்து, டொயோட்டா முறையில் தேர்ந்த ஆலோசகர்களை வரவழைத்துத் தொழிற்சாலையைத் தலைகீழாக்கினார். தொழிலாளர் ஏணி வைத்து ஏறிப் பொருள் தேடும் உயரமான அடுக்குகளைத் தானே வாளெடுத்து அறுத்துக் குட்டையாக்கினார் என்பார்கள். அப்படியொரு காலத்தில் வந்த கார் இது. தோற்றத்தை டோனி ஹட்டர் என்ற ஆங்கிலேயர் வரைந்தார். கூரையும் கதவுகளும் ஏறக்குறையப் பழையவை. மற்றெல்லாம் மெழுகை விரலால் நீவிவிட்டதுபோல. விளக்குகள் பின்னால் சாய்ந்தன, மட்கார்டு தணிந்தது, இடுப்பு அகன்றது. 272 குதிரைவலு, 1996 இலிருந்து 285. கியர் ஐந்திலிருந்து ஆறு.

ஆனால் 993 இன் உண்மையான சாதனை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பின் சில்லுகளின் தொங்கலில் இருக்கிறது. எஞ்சின் பின் அச்சுக்கும் அப்பால் இருக்கும் கார் எப்படி ஓடும் என்பதறிய, சைக்கிள் கரியரில் ஒரு மூடை அரிசியை ஏற்றிக்கொண்டு வேகமாக வளைவில் திரும்பிப் பாருங்கள். வளைவுக்குள் பயந்து வேகத்தைக் குறைத்தால் வால் முன்னால் வரப் பார்க்கும். பழைய 911கள் அப்படித்தான் ஆட்களைப் பற்றைக்குள் அனுப்பின. 964 இதைக் குறைத்தது. 993, அலுமினியச் சட்டமொன்றில் பல கைகளால் சில்லைப் பிடித்துவைத்து, ஏறக்குறைய ஒழித்தே விட்டது. 1995 இல் வந்த 993 டர்போ, 408 குதிரைவலுவோடு நான்கு சில்லையும் இழுத்தது. முப்பது வருடப் பயத்துக்குப் பரிகாரம் கண்டார்கள் என்பதை என் கட்சிக்காரருக்காக நான் மறைக்க மாட்டேன். ஓடும் பொருள் என்ற வகையில் 993 சிறந்தது.

அப்படியானால் வழக்கு எதற்கு?

2019 டிசம்பர் விடுமுறையில் இரண்டு வாரம் மச்சானிடம் போய் நின்றேன். கராஜில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கறுப்பு நிற 964, வெள்ளி நிற 993. காலையில் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டார்ட் செய்து காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். விசிறியின் இரைச்சல் இரண்டிலும் ஒன்றே. ஆனால் 964 இல் அந்த இரைச்சலுக்கு அடியில் ஒரு தட்டும் ஒலி, தையல் மெசின் ஓடுவதுபோல. அப்போதிக்கரியின் ஆமைக் காருக்கும் இதற்கும் உறவிருக்கிறது என்று காதே சொன்னது. 993 இல் அந்தத் தட்டல் இல்லை.

"அது டெப்பட் சத்தம் மச்சான். 993ல அது வராது. ஒயில் பார்த்துக்கும்" என்றார்.

இதுதான் விடயம். எஞ்சினுக்குள் வாயுவை விடவும் வெளியேற்றவும் சிலிண்டருக்கு இரண்டாகப் பன்னிரண்டு வால்வுகள். வால்வுக்கும் அதை அமத்தும் கைக்கும் இடையில் குளிர்ந்த நிலையில் 0.10 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். பரீட்சைத் தாளின் தடிப்பு. ஓட ஓட இது மாறும். ஆகவே சில பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை யாராவது படுத்து, பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும். 1963 இலிருந்து 964 வரை இப்படித்தான். 993 இல் ஒயில் அழுத்தத்தால் அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும் அமைப்பு வந்தது. மனிதன் விலகிக்கொண்டான்.

அந்த வேலையை நான் பார்த்தேன். எஞ்சின் ஓரிரவு முழுதும் ஆறியிருக்க வேண்டும். ஆகவே சுபஹ் தொழுத கையோடு கராஜுக்குப் போனோம். கப்பியைத் திருப்பி முதலாம் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்தார். பீலர் கேஜின் மெல்லிய தகட்டை உள்ளே நுழைத்தார். ஸ்குரூவை இறுக்கித் தகட்டை இழுத்தார். கண் அந்த இடத்தைப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. தகடு இழுபடும் விதத்தை விரல் தீர்மானிக்கிறது. கப்பியை மூன்றிலொரு சுற்றுத் திருப்பினால் அடுத்த சிலிண்டர். 1, 6, 2, 4, 3, 5 என்று அதன் வரிசை. ஓதிப் பாடமாக்கியவர்போல முணுமுணுத்துக்கொண்டே செய்தார். மேலே உள்ள ஆறும் லேசு. கீழே உள்ள ஆறுக்கும் காரின் அடியில் மல்லாந்து, புகைக்குழாய்களுக்கிடையே கையை வளைத்து நுழைக்க வேண்டும். மூன்றரை மணித்தியாலம் எடுத்தது.

அவருக்கு இதைப் பழக்கியவர் பெஷாவரிலிருந்து வந்த ஒரு முதியவர். கராஜில் எல்லோரும் 'உஸ்தாத்' என்றே அழைப்பார்களாம். முதல் இரண்டு வருடமும் மச்சானுடைய வேலை லாம்பு பிடிப்பது. கேஜைத் தொட விடவில்லை. பிறகு ஒருநாள், தான் சரிபார்த்த வால்வொன்றில் தகட்டைக் கொடுத்து, "இழுத்துப் பார். இந்த இழுவையை விரலில் வைத்துக்கொள்" என்றாராம். அவ்வளவுதான் பாடம். 2014 இல் உஸ்தாத் ஊருக்குப் போய்விட்டார். கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்தல் முறைகள் என்று எத்தனையோ சொல்லித் தந்தார்கள். இதற்கு அவற்றில் என்ன பெயர் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நான் 964 இன் பக்கம் நிற்பதற்குக் காரணம் இதுவே. முகத்தை மாற்றாமல் உள்ளே அத்தனையையும் புதுப்பித்தது ஒரு பக்கம். அப்படிப் புதுப்பித்தபோதும் ஒரு மனிதனின் விரலுக்கு இடம் விட்டுவைத்த கடைசிக் கார் அது. நமது கவிதையில் மரபையும் புதுக்கவிதையையும் இரண்டு கையிலும் பிடித்திருந்த ஓர் இடைத்தலைமுறை இருந்ததல்லவா? இரண்டு பக்கத்தாராலும் ஏச்சு வாங்கியவர்கள். அவர்கள்மீது எனக்கிருக்கும் வாஞ்சைதான் 964 மீதும்.

இதையெல்லாம் அன்றிரவு அறையில் வைத்து மச்சானிடம் சொன்னேன். நான்கு பேர் படுக்கும் அறை. அவர் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். இடுப்பில் ஒரு பட்டி.

"மச்சான், நீங்க அதக் கவித எண்டு சொல்றீங்க. எனக்கு அது முதுகு" என்றார். "கீழ இருக்கிற ஆறு வால்வும் எண்ட முதுகுலதான் இருக்கு. பதினெட்டு வருஷமா. 993ச் செஞ்சவன் ஒருத்தன் எங்களப்போல ஆக்கள நெனச்சிருக்கான். அதான் எனக்கு அது பெரிசு."

கம்பனி நினைத்தது மச்சானையல்ல, பராமரிப்புச் செலவையும் சத்தத்தையும்தான் என்று வாய்வரை வந்தது. அந்த இடுப்புப் பட்டியைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவருடைய வாதம் என்னை முற்றாக வெல்லவில்லை. அமெரிக்காவிலிருந்து இறக்கிய 1996 இற்குப் பிந்திய 993களில் டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். புகை சுத்திகரிப்புக்கான சிறு துவாரங்கள் கரியால் அடைபட்டால் வரும் விளக்கு. அதை அறியக் கணனியைப் பொருத்த வேண்டும். துவாரங்களைச் சரியாகத் துப்புரவாக்க எஞ்சினையே கழற்ற நேரும். முதுகுக்கு அதுவும் லேசான வேலையல்ல. இதை நான் சுட்டிக்காட்டியபோது, "விளக்கு எரிஞ்சா பொக்ஸ் சொல்லும். டெப்பட்ட நான்தான் சொல்லணும்" என்றார். அவர் இதை 993 க்குச் சாதகமாகவே சொன்னார். எனக்கு அது மறுபக்கமாகக் கேட்டது.

மறுநாள் சரிசெய்த 964 ஐச் சோதிக்க, தைத் போகும் வீதியில் என்னையும் ஏற்றிச் சென்றார். சாவித் துவாரம் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம். ஐந்து வட்ட மானிகள், நடுவில் பெரிதாக எஞ்சின் சுழற்சியைக் காட்டுவது. 80 தாண்டியதும் பின்சிறகு எழும்பிய சத்தம் கேட்டது. ஒட்டகங்கள் நின்றன. மச்சான் ஒன்றும் பேசவில்லை, காதைக் கொடுத்துக்கொண்டு ஓட்டினார். பத்து நிமிடம் கழித்து, "சரி" என்றார். அந்தச் 'சரி'யில் இருந்த திருப்தியை 993 ஓட்டும்போது அவர் முகத்தில் நான் காணவில்லை. இதை வழக்கில் சாட்சியமாக வைத்தால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

காற்று எஞ்சின் முடிந்ததற்கு யாரையும் குற்றஞ்சொல்ல முடியாது. புகைச் சட்டமும் ஒலிச் சட்டமும் இறுகின. கூடிய வலுவுக்கும் குறைந்த புகைக்கும் சிலிண்டருக்கு நான்கு வால்வு வேண்டும். அவ்வளவு நெருக்கமான தலையை விசிறி ஊதிக் குளிரவைக்க முடியாது. கம்பனிக்கு இது முன்னமே தெரியும். 1986 இல் வந்த 959 காரில் சிலிண்டரைக் காற்றும் அதன் தலையைத் தண்ணீரும் குளிரவைத்தன. 1997 இல் 996 தண்ணீரோடு வந்தது. பொரித்த முட்டை போன்ற அதன் விளக்குகளைப் பார்த்துச் சிரித்தவர்கள், முந்தைய நாள்வரை தாம் ஏசிய 964 ஐ நினைத்து உருகத் தொடங்கினார்கள். 2009 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய சிங்கர் என்ற நிறுவனம் 964 ஐ எடுத்துப் பிரித்து, அதற்கும் முந்திய 911 இன் தோற்றத்தில் மறுபடி கட்டிக் கோடீஸ்வரர்களுக்குக் கொடுக்கிறது. ஏச்சு வாங்கியவரைச் செத்தபின் சிலையாக்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் 964 இன் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்கலம் பொருத்திக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 2024 இல் 911 இலேயே மின்மோட்டார் சேர்ந்த வகை வந்துவிட்டது.

மச்சான் 2022 இல் ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தார். பெற்றோல் வரிசை நீண்டுகிடந்த காலம். வீட்டு முற்றத்தில் நாலு தகரம் இறக்கி ஓட்டோ திருத்துகிறார். நமது வீதிகளில் ஓடும் நாலு ஸ்ட்ரோக் ஓட்டோவின் எஞ்சினும் காற்றால் குளிர்வதுதான். அதற்கும் டெப்பட் பார்க்க வேண்டும். ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த பீலர் கேஜ் ஒயில் துணியில் சுற்றியபடி லாச்சிக்குள் இருக்கிறது. குனியாமல் செய்வதற்கு ஒரு மேடையும் கட்டியிருக்கிறார். அவருடைய மகன் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறான். கராஜுப் பக்கம் வருவதில்லை, வரச்சொல்லி இவரும் கேட்பதில்லை. சாதாரண தரம் எழுதிவிட்டு நின்ற பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன்தான் உதவிக்கு. என்னிடம் படித்தவன்.

போன மாதம் போயிருந்தபோது பையன் லாம்பு பிடித்துக்கொண்டு நின்றான்.

"இவனுக்கு எப்ப கேஜக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டாம் கிழமையே குடுத்திட்டன்" என்றார் மச்சான். "ரெண்டு வருஷம் லாம்பு புடிக்க வைக்க நான் என்ன உஸ்தாதா?"